கடைசி நாற்காலிக்குக் கேட்குதா?

“இதை உங்களுக்கு விக்க மாட்டேங்க.”

சவுண்ட் கடைக்காரன் இப்படிச் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் நின்ற அண்ணனுக்கோ மூக்கு விடைத்தது. இரண்டே பேர் உள்ள ‘மாபெரும் இசைக்குழு’வின் தலைவன் அவன். கீபோர்டு அவன், பாட்டு அவள். ரசிகர்கள்தான் இன்னும் சேரவில்லை... கறுப்புக் கண்ணாடி சேர்ந்துவிட்டது.

அண்ணன் கை காட்டியது ஆளுயர ஸ்பீக்கர் இரண்டை. அவர்கள் பாடப்போவதோ நாற்பது நாற்காலி போட்ட ஒரு காபிக் கடையில். இந்தச் சனிக்கிழமை நன்றாக அமைந்தால், இனி எல்லாச் சனிக்கிழமையும் அவர்களுக்கு.

“நாப்பது பேருக்கு இது எதுக்குங்க? காபி கப்பெல்லாம் எழுந்து நடந்துரும்... அதோ, அந்தச் சின்ன ஜோடி போதும். பழசுதான், ஆனா பாதி விலை.”

“என்னைப் பாத்தா சின்ன ஆளாத் தெரியுதா?”

“உங்களைச் சொல்லலை சார், ரூமைச் சொன்னேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் கடைக்காரன் தன் கடையின் கோடிக்குப் போய், கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டான்.

“ஒரு வரி பாடுங்க. குரலைக் கேக்காம நான் மைக் குடுக்கறதில்லை.”

என்ன திமிர்!

“நான் ஒண்ணும் பரீட்சை எழுத வரலை. வாண்ணா, போலாம்!”

வெளியே மழை. படியிறங்கும்போது ஒரே ஒருமுறை திரும்பினாள்... அவன் கண்கள் இப்போது திறந்திருந்தன. பாழாய்ப்போன கண்கள்!

சனிக்கிழமை மாலை. ஆளுயர ஸ்பீக்கர்கள் வேறெங்கிருந்தோ வாடகைக்கு வந்திறங்கின. அவற்றுக்கு இடம்விட்டு ஒன்பது நாற்காலிகள் வாசலுக்குப் போயின. ‘போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்’ என்று அண்ணன் இரண்டையும் அவள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினான். அவள் மைக்கில் வாய் திறந்தாள்... வீல் என்று அலறியது கடை.

“இன்னும் அரை மணி நேரம்மா,” என்றார் காபிக் கடை முதலாளி காதைப் பொத்தியபடி. “சரியாகலைன்னா நான் ரேடியோவைப் போட்டுக்கறேன்.”

மானத்தைப் பார்ப்பதா, பாட்டைப் பார்ப்பதா? சவுண்ட் கடைக்குப் போன் போட்டாள்.

பத்தே நிமிஷத்தில் கடைக்காரன் மழையில் வந்து நின்றான். அவன் நனைந்திருந்தான், பிளாஸ்டிக் உறை போட்ட அந்தச் சின்ன ஜோடி நனையவில்லை.

“அதுக்குள்ள எப்படி...?”

“அன்னிக்கே உங்களுக்குன்னு கட்டி வெச்சிட்டேன்.”

“மைக்குக்குப் பின்னால ஸ்பீக்கர் நின்னா அலறத்தாங்க செய்யும்,” என்று பெரியவற்றை அகற்றிவிட்டு, சின்ன ஜோடியை மைக்குக்கு முன்னால் தள்ளி, இருபுறமும் வைத்தான். ஒன்பது நாற்காலிகளும் உள்ளே திரும்பின. கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

“பாடுங்க.”

பாடினாள். அவள் இழுத்த மூச்சுகூட அந்த நாற்காலிவரை போனது. முடிந்ததும் ஒரே கைதட்டல். மொத்தமும் தனக்குத்தான் என்று அண்ணன் மூன்று முறை குனிந்து நிமிர்ந்தான்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் அதே கடைசி நாற்காலியில் கடைக்காரன். கேட்டால், “ஸ்பீக்கரைப் பாக்க வந்தேன்...” என்பான். பார்ப்பது என்னவோ ஸ்பீக்கரை அல்ல.

நாலாவது சனிக்கிழமை, கடைசிப் பாட்டு முடிந்ததும் அவள் மைக்கிடம் குனிந்தாள்.

“கடைசி நாற்காலிக்குக் கேக்குதா?”

கட்டை விரலை உயர்த்தினான்.

“எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவன் பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினான். “ஐயோ, மைக் ஆன்ல இருக்குங்க!”

“தெரியும்.”

அண்ணனின் கறுப்புக் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. கடைக்காரன் எழுந்தான். காது வரை சிவந்திருந்தான்.

“எனக்கும்தாங்க!”

மைக் இல்லாமலே, நாற்பது நாற்காலிக்கும் கேட்டது.