கோபால் காக்கு கடை ஃபிரிட்ஜ்

காலையிலிருந்து நடந்து நடந்து அனன்யாவின் கால்கள் கெஞ்சின. அம்மாவின் களைத்த முகத்தைப் பார்த்தபின் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அம்மா வத்சலா வங்காளத்தின் கிடர்பூர் சுகாதார நிலையத்தில் நர்ஸ். சாயங்காலம் புயல் வரப்போகிறது. அதற்குள் தனியாக வாழும் முதியவர்களையும் நோயாளிகளையும் பள்ளிக்கூட முகாமில் சேர்த்தாக வேண்டும். பள்ளிக்கு விடுமுறை என்பதால் பெயர்ப் பட்டியலில் டிக் அடிக்கும் வேலை அனன்யாவுக்கு.

பதினேழு பேரில் பதினாறு பேர் போயாயிற்று. மிச்சம் உத்தமன் தாத்தா ஒருவர்தான்.

“நான் வரலம்மா! துறைமுகத்துல முப்பது வருஷம் கிரேன் ஓட்டினவன். நான் பார்க்காத காத்தா?”

“தகரக் கூரை பறந்துடும் ஐயா. நாலு மணிக்குக் கடைசி வேன். கெஞ்சிக் கேக்கறேன்.”

கல்லில் நார் உரிக்கிற வேலைதான். அம்மா பெருமூச்சு விட்டபடி, வேனை நிறுத்தி வைக்கத் தெருமுனைக்கு நடந்தாள்.

அனன்யா தாத்தாவைக் கவனித்தாள். பையைக் கட்டி வைத்திருந்தார். காலில் செருப்பும் இருந்தது. பார்வை மட்டும், பூட்டிக் கிடந்த எதிர் மிட்டாய்க்கடையை விட்டு நகரவில்லை.

“கிளம்பித்தானே இருக்கீங்க தாத்தா? அப்புறம் ஏன் வரலைங்கறீங்க?”

தாத்தா குரலைத் தாழ்த்தினார். “அம்மாகிட்ட சொல்லாதே. என் இன்சுலின் கோபால் கடை ஃபிரிட்ஜுல இருக்கு. என் வீட்டுல ஏது ஃபிரிட்ஜ்? ஊசி இல்லாம முகாம்ல எப்படி இருப்பேன்?”

“இதை அம்மாகிட்டயே சொல்லியிருக்கலாமே!”

“அந்தக் கடை வாசலை மிதிக்கமாட்டேன்னு அவங்ககிட்ட சத்தியம் பண்ணியிருக்கேனே! தினம் ரெண்டு வேளை போறேன்னு எந்த வாயால சொல்றது?”

அனன்யாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க நேரமில்லை. மிட்டாய்க்கடை கோபாலை அவள் ‘காக்கு’, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவாள்; அவர் வீடு கடைக்குப் பின்னால்தான். மழையில் ஓடிப்போய்க் கதவைத் தட்டி, பெங்காலியில் விஷயத்தைச் சொன்னாள்.

காக்கு சாவியோடு வந்து கடையைத் திறந்தார். ஃபிரிட்ஜில் சந்தேஷ் இனிப்புத் தட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அதில் ஆறு மருந்துப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு.

அனன்யா பட்டியலைப் பிரித்துப் பார்த்தாள். மற்ற ஐந்து பெயர்களுக்கும் அவளே டிக் அடித்திருந்தாள். ஐந்து பேரும் மருந்தில்லாமல் முகாமில் இருக்கிறார்கள்!

“எல்லாத்தையும் கொடுங்க காக்கு!”

கரண்ட் எப்போதோ போயிருந்தது. காக்கு ஒரு தயிர்ச் சட்டிக்குள் ஈரத்துணியைச் சுற்றி, புட்டிகளை அதில் வைத்துக் கொடுத்தார். “ஈரம் காயாம பாத்துக்கோ. குளுமையா இருக்கும்.”

தாத்தா மறுபேச்சில்லாமல் வேனில் ஏறினார்.

முகாமின் நடுவில் நின்று அனன்யா பெயர் கூப்பிட்டாள். “சாவித்ரி பாட்டி! ஜெய்ராம் மாமா!” கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன. யாரும் அம்மா இருந்த பக்கம் திரும்பவில்லை.

அம்மா சட்டியைப் பார்த்தாள். சட்டியின் மேலிருந்த கடைப்பெயரைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்றே அனன்யா பயந்தாள். அம்மாவோ தோள் குலுங்கச் சிரித்தாள்.

“ஆறு பேரும் எங்கிட்ட சத்தியம் பண்ணினவங்கடி! தப்பு என் மேலதான். ஸ்வீட் சாப்பிட்டீங்களான்னு திட்டினேனே தவிர, மருந்தை எங்க வைக்கறீங்கன்னு ஒருநாளும் கேக்கலை.”

எல்லாருக்கும் ஊசி போட்டு முடித்ததும், வெளியே காற்று ஊளையிடத் தொடங்கியது. சட்டியை மடியில் வைத்திருந்த அனன்யாவின் தோளில் சாய்ந்து அம்மா தூங்கிப்போனாள்.

முகாமே குரலைத் தாழ்த்திக்கொண்டது. யாரும் அவளை எழுப்பவில்லை.