பாதி மாத்திரை

பேருந்தில் முன் வரிசை ஜன்னல் இருக்கை நெவேனாவுடையது. அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லைதான். ஆனால் பள்ளியின் பாடகர் குழு எந்த ஊருக்குப் போனாலும் அவள் அங்கேதான் உட்காருவாள். ஓட்டுநர் க்ரூம் மாமாவுக்கே அது தெரியும்.

இன்று அந்த இருக்கை ராலிட்சாவுக்குப் போய்விட்டது.

"அவளுக்கு மலைப்பாதை ஒத்துக்காதும்மா. வளைவு வந்தாலே வாந்தி வந்துடும். முன்னாடி உட்கார்ந்தா கொஞ்சம் தேவலை. நீ பின்னாடி யானாகூட உட்காரேன்" என்றார் தெமிரேவா டீச்சர்.

"சரி டீச்சர்" என்றாள் நெவேனா. வாய்தான் சரி என்றது. வயிறு எரிந்தது.

இது முதல் எரிச்சல் இல்லை. இலையுதிர் காலத்தில்தான் ராலிட்சா கடற்கரை நகரமான பர்காஸிலிருந்து இந்த மலையூரான ஸ்மோல்யானுக்கு வந்தாள். முதல் நாள் பயிற்சியில் அவள் வாயைத் திறந்து பாடியதும் அறையே அடங்கிப்போனது. மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த பையன்கூட உறிஞ்சுவதை நிறுத்திவிட்டான். அடுத்த வாரமே தனிப்பாட்டு அவளுக்குப் போனது. பனிமூட்டத்தில் தொலைந்த ஆட்டுக்குட்டியை ஒரு சிறுமி மலை மலையாகக் கூப்பிட்டுத் தேடும் பாட்டு அது. போன வருடம் அதைத் தனியாகப் பாடியது நெவேனா.

பிறகு யானாவும் அந்தப் பக்கம் சாய்ந்தாள். நெவேனாவின் உயிர்த்தோழி யானா, தன் பனிட்சா பலகாரத்தில் பெரிய துண்டை ராலிட்சாவுக்குப் பிட்டுக் கொடுத்தாள். பாலாடைக்கட்டி நிறைய இருந்த துண்டு!

பாட்டு, தோழி, இப்போது இருக்கையும்.

'இன்னும் என்ன பாக்கி? என் காலணியையும் கழற்றிக் கொடுத்துவிடலாம்' என்று நினைத்தபடி, நெவேனா பாட்டு உடைகள் இருந்த பையை வைக்கப் பேருந்தின் பின்பக்கம் போனாள். அப்போது பக்கவாட்டில் பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தாள். ராலிட்சாவின் அப்பா மூச்சிரைக்க ஓடி வந்திருந்தார்.

"வாந்தி மாத்திரையை வீட்டிலேயே குடுத்திருக்கணும். கிளம்புற அவசரத்துல மறந்தே போயிட்டேன். இந்தா, பாதிதான். உன் வயசையும் எடையையும் கேட்டுட்டுத்தான் மருந்துக்கடையில அளவு சொன்னாங்க. மீதிப் பாதியை டீச்சர்கிட்ட குடுத்துட்டு, விஷயத்தையும் சொல்லிடறேன்."

"வேணாம்ப்பா! நானே சொல்லிக்கிறேன்" என்றாள் ராலிட்சா. பாதி மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினாள். மீதியை அதன் உறையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"மறக்காம சொல்லணும், என்ன?"

க்ரூம் மாமா ஒலிப்பானை அழுத்தினார். எல்லோரும் ஏறிக்கொண்டார்கள்.

ப்ளோவ்திவ் நகரத்தில் மதியம் போட்டி. அங்கே போய்ச் சேரும்வரை பாதை பாம்புபோல நெளியும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஆறு. நெவேனாவுக்கு அந்த வளைவுகள் தொட்டில்போல. பர்காஸ்காரிக்கு அப்படியில்லை.

மூன்றாவது வளைவிலேயே முன் வரிசையில் பரபரப்பு.

"ஐயோ, முகம் வெளுத்துப்போச்சு பாருங்க!"

"ஜன்னலைத் திறங்க!"

டீச்சர் அவள் முதுகைத் தடவினார். உதவிக்கு வந்திருந்த ஸ்தாங்கா அத்தை பாட்டுத்தாளால் விசிறினார். ஸ்தாங்கா அத்தை யாருடைய அத்தையும் இல்லை. குழுவில் பாடும் இரட்டையர்களின் அம்மா. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் அத்தைதான். யானா எலுமிச்சை மிட்டாயை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினாள். நெவேனாவுக்குப் பக்கத்து இருக்கையும் காலியானது.

'வாந்தி எடுத்தால் இளவரசி ஆகிவிடலாம் போலிருக்கிறது' என்று முணுமுணுத்தாள் நெவேனா. தானும் கொஞ்சம் வாந்தி எடுத்துப் பார்க்கலாமா என்று யோசித்தாள். வரவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் ராலிட்சா தன் பாட்டுத்தாளைக் கீழே வைக்கவில்லை. குனிந்து வரிகளைப் படிப்பதும், நிமிர்ந்து வாந்திப் பையைத் தேடுவதுமாக இருந்தாள். கடைசியில் அந்தப் பைக்கு வேலை வந்தே விட்டது.

"இப்படியே போனா குழந்தை பாடின மாதிரிதான்" என்று ஸ்தாங்கா அத்தை கைப்பையைத் திறந்தார். "இந்தா, இது நான் போட்டுக்கிற மாத்திரை. ஒண்ணு போட்டுட்டா எத்தனை வளைவு வந்தாலும் நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பேன்."

டீச்சர் தயங்கினார். "ராலிட்சா, வீட்டுல ஏதாவது மாத்திரை போட்டுட்டு வந்தியாம்மா?"

ராலிட்சாவின் கண்கள் ஒரு நொடி பின்பக்கம் வந்தன. நெவேனாவின் கண்களைச் சந்தித்தன. உடனே திரும்பிக்கொண்டன.

"இல்ல டீச்சர்."

நெவேனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இல்லையா? நான்தான் பார்த்தேனே!

அப்போது அவள் மனதுக்குள் ஒரு எண்ணம் வந்தது. பெரியவர்கள் போடும் முழு மாத்திரை, ஏற்கெனவே உள்ளே போன பாதிக்கு மேல். ராலிட்சா தூங்கிவிடுவாள். மேடையில் நிற்க முடியாது. தனிப்பாட்டின் எல்லா வரிகளும் தெரிந்தவள் இந்தப் பேருந்தில் இன்னும் ஒருத்திதான்.

அந்த எண்ணம் தேன்போல இனித்தது. அப்படி இனித்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஏனென்றால் அவள் தம்பி பெங்கோவின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. போன குளிர்காலத்தில் அவனுக்கு அம்மா இருமல் மருந்து கொடுத்தார். அது தெரியாமல் அப்பாவும் கொடுத்துவிட்டார். பிறகு பெங்கோவைக் கூப்பிட்டால் பதில் இல்லை. உலுக்கினாலும் கண் திறக்கவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அம்மா ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் பூட்ஸுமாக நின்றது நெவேனாவுக்கு இன்னும் மறக்கவில்லை. பெங்கோ கண் விழித்து வெங்காய சூப் கேட்டபோது அம்மா அழுதே விட்டார்.

ஸ்தாங்கா அத்தை மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தார்.

"குடுக்காதீங்க!"

தன் குரல்தான் என்று நெவேனாவுக்கே தெரியவில்லை. இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் ஓடினாள்.

"குடுக்காதீங்க அத்தை! அவ ஏற்கெனவே மாத்திரை போட்டிருக்கா. வண்டி ஏறும்போது அவங்க அப்பா குடுத்ததை நான் பார்த்தேன்."

"பொய்!" என்று கத்தினாள் ராலிட்சா. வெளுத்திருந்த முகம் இப்போது சிவந்துவிட்டது. "இவ பொய் சொல்றா! இவளுக்கு என் மேல பொறாமை! பாட்டு போனதுலேர்ந்தே பொறாமை!"

 எல்லோரும் நெவேனாவைப் பார்த்தார்கள்.

"நெவேனா, விட்டுடேன்டி. பாவம், உடம்பு சரியில்லாதவ" என்று யானா அவள் கையைப் பிடித்தாள்.

நெவேனாவின் காதுகள் சூடாகிவிட்டன. திரும்பிப் போய் உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. ஸ்தாங்கா அத்தையின் உள்ளங்கையில் மாத்திரை வெள்ளையாக உட்கார்ந்திருந்தது.

"ஆமா" என்றாள் நெவேனா. "பொறாமைதான். ரொம்பப் பொறாமை. பாட்டு போச்சு, சீட்டு போச்சு, யானாவும் போயிட்டா. எனக்கு வயிறு எரியுது. ஆனா மாத்திரை விஷயம் பொய் இல்ல."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"டீச்சர், பாட்டுக்காகத்தான் சொல்றேன்னு நினைச்சீங்கன்னா எனக்கு அந்தப் பாட்டு வேணாம். இன்னைக்கு அவ தூங்கிட்டாக்கூட நான் தனியா பாட மாட்டேன். இப்பவே அவங்க அப்பாகிட்ட கேளுங்களேன்! ரெண்டு தடவை மருந்து குடுத்துத்தான் எங்க பெங்கோவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்."

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. பாட்டு வேண்டாம் என்று சொன்னதை உடனே திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

டீச்சர் ராலிட்சாவின் முன்னால் குனிந்தார். "நான் திட்டமாட்டேன். உண்மையைச் சொல்லு கண்ணு."

ராலிட்சா சட்டைப் பைக்குள் கையை விட்டு உறையை எடுத்தாள். அதில் பாதி மாத்திரை இருந்தது.

"இதைப் போட்டா தூக்கம் வரும் டீச்சர். தெரிஞ்சா நீங்க பாட்டை நெவேனாகிட்ட குடுத்துடுவீங்கன்னு பயந்துட்டேன்" என்று விம்மினாள். "அவ என்னைவிட நல்லா பாடுவா."

"யாரு, நானா?" என்றாள் நெவேனா. பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தாள்.

"மேல போகும்போது உன் குரல் நடுங்கவே நடுங்காது. எனக்கு நடுங்கும். நீ பயிற்சியில பாடும்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா?"

நெவேனாவுக்குத் தெரியும். மிக நன்றாகவே தெரியும்.

ஸ்தாங்கா அத்தை மாத்திரையைக் கைப்பையில் போட்டு, பையையும் இறுக்கி மூடினார். "ஐயோ, நான் பாட்டுக்கு என் மாத்திரையைச் சின்னப் பிள்ளைக்கு எடுத்து நீட்டிட்டேனே! ஒருத்தர் மருந்தை இன்னொருத்தருக்குக் குடுக்கலாமா? என்னையில்ல முதல்ல யாராவது பிடிச்சு நிறுத்தியிருக்கணும்!"

"அதான் நிறுத்திட்டாளே!" என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து குரல் கொடுத்தார் க்ரூம் மாமா.

டீச்சர் ராலிட்சாவின் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தார். எதிர்முனையில் அவர் பதறியது எல்லோருக்கும் கேட்டது. "வேற எதுவும் குடுத்துடாதீங்க டீச்சர்! கிளம்புறதுக்கு அரைமணி நேரம் முன்னாடியே போட்டிருக்கணும், நான்தான் லேட் பண்ணிட்டேன். இனிமேதான் வேலை செய்யும். அடுத்த பாதி ஆறு மணி நேரத்துக்கு அப்புறம்தான்."

வாந்தியில் மாத்திரையும் வெளியே போயிருக்குமோ என்று டீச்சர் கேட்டார். போயிருந்தாலும் போகாவிட்டாலும், மருந்துக்கடையில் கேட்காமல் இன்னொன்று தரவேண்டாம் என்றார் அப்பா.

க்ரூம் மாமா ஓர் ஊற்றின் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டினார். ராலிட்சா முகம் கழுவினாள். மிடறு மிடறாகத் தண்ணீர் குடித்தாள். காற்று பைன் மர வாசனையோடு குளிர்ந்து வந்தது. மீண்டும் ஏறியதும் அவள் கை பாட்டுத்தாளைத்தான் தேடியது.

நெவேனா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஓடுற வண்டியில குனிஞ்சு படிச்சா எனக்கே தலை சுத்தும். உனக்குச் சுத்தாதா? அதோ, தூரத்துல அந்த உச்சி தெரியுதில்ல, அதையே பாரு."

"வரி மறந்துட்டா?"

"நான் சொல்றேன். எனக்குத்தான் எல்லா வரியும் தெரியுமே!" அதைச் சொல்லும்போது நெவேனாவுக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு முதல் வரியை எடுத்துக் கொடுத்தாள்.

ராலிட்சா மலை உச்சியைப் பார்த்தபடியே பாடினாள். இரண்டாவது வரியை நெவேனா சொன்னாள். மூன்றாவதற்குப் பேருந்து முழுவதும் சேர்ந்துகொண்டது. ஆட்டுக்குட்டியைத் தேடித் தேடி எல்லோரும் சமவெளிக்கு வந்து சேர்ந்தார்கள். வளைவுகள் முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

போட்டி மேடையில், தன் முறை வருவதற்குச் சற்று முன்னால் ராலிட்சா பெரிய கொட்டாவி விட்டாள். அவள் ஆழமாக மூச்சை இழுக்கிறாள் என்று அவையில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பிறகு பாடினாள். மேல் சுருதியில் ஒரே ஓர் இடத்தில் குரல் லேசாக நடுங்கியது. அதை நெவேனா மட்டும்தான் கவனித்தாள். கவனித்துச் சந்தோஷப்பட்டாள். பிறகு, சந்தோஷப்பட்டதற்காகத் தன்னையே ஒரு கிள்ளு கிள்ளிக்கொண்டாள்.

கைதட்டல் எழுந்தபோது வயிறு மறுபடியும் எரிந்தது. ஆனால் காலையில் எரிந்தது அடுப்பு என்றால், இப்போது எரிந்தது தீக்குச்சி. அவளும் கை தட்டினாள்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வாங்கிய குழுவை எல்லோரும் சேர்ந்து பொறாமையோடு பார்த்தார்கள். சேர்ந்து பொறாமைப்படுவது அவ்வளவு மோசமாக இல்லை.

மாலையில் டீச்சர் மறுபடியும் ராலிட்சாவின் அப்பாவிடம் பேசினார். அவர் மருந்துக்கடையில் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகு, புறப்படுவதற்கு அரைமணி நேரம் முன்பே, டீச்சர் தன் கையாலேயே மீதிப் பாதி மாத்திரையைக் கொடுத்தார்.

பேருந்தில் ஏறியதும் ராலிட்சா நெவேனாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"முன்னாடி ரெண்டு சீட்டு இருக்கு. நீ ஜன்னல் பக்கம் உட்காரு. எனக்கு நேரா ரோடு தெரிஞ்சா போதும்."

"உச்சியைப் பாரு, என்ன?"

"பார்க்கறேன்."

முதல் வளைவு வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். தலை நெவேனாவின் தோளில் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டையும் தொடங்கியது. ஒரு மூச்சு மேலே போனது, அடுத்தது எங்கேயோ கீழே விழுந்தது. எதிலும் சுருதி இல்லை, தாளமும் இல்லை.

நெவேனா தோளை அசைக்காமல் உட்கார்ந்து, வீடு வரும்வரை அதை ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.