ஒப்புக்கு இரண்டு விலைப்புள்ளி

செவ்வாய்க் கிரகத்தின் தென்பள்ளம் குடியிருப்பில் காலையில் கண் விழித்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது சுவரில் இருக்கும் மூச்சுமானியைத்தான். ராத்திரி அந்த வீட்டுக்காரர்கள் எவ்வளவு காற்றை இழுத்தார்கள் என்று அது காட்டும். குறட்டை விடுகிறவர்கள் வீட்டில் அளவு கொஞ்சம் ஏறியிருக்கும். அன்றைக்கு முழுக்க அவர்கள் மெதுவாக நடந்து ஈடுகட்ட வேண்டும்.

"இன்னைக்கும் ஏறியிருக்குங்க," என்றாள் ஜெபராணி. "இந்த மூக்கை வச்சுக்கிட்டு நாம பிள்ளைக்கு வேற மனு போட்டிருக்கோம்."

வேதநாயகம் சிரித்துவைத்தார். அவளும் சிரித்தாள். ஆனால் இரண்டு பேருக்குமே அது சிரிக்கிற விஷயமில்லை. அந்த ஊரில் ஒரு குழந்தை பிறக்க வேண்டுமென்றால் அது மூச்சு விடக் காற்று மிச்சம் இருக்க வேண்டும். காற்றைச் சுத்தம் செய்யும் சல்லடைகள் தேய்ந்துபோய், இருக்கிறவர்களுக்கே இழுத்துப் பிடித்து ஓடிக்கொண்டிருந்தது. புதுச் சல்லடை வந்தால்தான் அடுத்த பிள்ளைப்பேற்று அனுமதி. ஜெபராணிக்கு நாற்பது நெருங்கிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் சிரமம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

சல்லடை ஏன் வரவில்லை என்றால், அதற்குக் காரணம் குடியிருப்பின் பழைய கொள்முதல் மூளை. ஊருக்கு என்ன தேவை, அதை யாரிடம், எந்தக் கப்பலில் வாங்குவது என்று பார்த்துக்கொள்ளும் இயந்திரம் அது. அதற்கு வயதாகிவிட்டது. போன கப்பலில் சல்லடைக்குப் பதிலாகக் கட்டுக்கட்டாகக் குடைகள் வந்து இறங்கின. தள்ளுபடியில் கிடைத்ததாம். மழை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் விளையாடின.

புது மூளை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, துணைக் கொள்முதல் அலுவலரான வேதநாயகத்தின் தலையில் விழுந்தது. அவர் நாலாபுறமும் விசாரித்தார். பூமியில் கூவிக் கூவி விற்கிற நிறுவனங்கள் எல்லாம் செவ்வாய் என்றதும் வாயை மூடிக்கொண்டன. ஒரே ஒரு நிறுவனம்தான் முன்வந்தது. அதன் இயந்திரத்துக்குத் துலா என்று பெயர். வேதநாயகம் அதைச் சோதித்துப் பார்த்தார். எந்தச் சல்லடை, எங்கே, எந்தக் கப்பலில் என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட்டது. இதைவிட வேறென்ன வேண்டும்?

வேண்டியிருந்தது. எதை வாங்குவதானாலும் மூன்று விலைப்புள்ளிகள் வாங்கி ஒப்பிட வேண்டும் என்பது விதி. அந்த விதி ஊறுகாய் ஜாடிகளோடு முதல் கப்பலிலேயே வந்து இறங்கிவிட்டது.

"துலா, இன்னும் ரெண்டு கொட்டேஷன் வேணும்," என்றார் வேதநாயகம். "வேற வேற கம்பெனி பேர்ல நீயே போட்டுக் குடுத்துடு."

"அப்படிக் கம்பெனி எதுவும் இல்லையே சார்."

"இருக்கணும்னு அவசியமில்ல. இருக்கற மாதிரி இருந்தாப் போதும். அவங்க தரம் உன்னைவிடக் கொஞ்சம் குறையாத் தெரியற மாதிரி எழுது. ரொம்பக் குறைச்சுடாதே, சந்தேகம் வந்துடும்."

"யாரை எடுக்கறதுன்னுதான் முடிவாயிடுச்சே சார். அப்புறம் எதுக்கு ஒப்பிடணும்?"

"முடிவை முதல்ல எடுத்துடுவோம். ஒப்பீடு கோப்புக்கு. இதுதான் நடைமுறை."

"படிச்சுப் பார்த்தாத் தெரிஞ்சுடாதா?"

"யாருப்பா படிக்கப் போறா?" என்றார் வேதநாயகம். அவர் கெட்ட மனிதரல்ல. அவருக்குச் சல்லடை வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வுக் குழு கூடியது. இல்லாத நிறுவனங்கள் இரண்டைப் பற்றியும் மத்தியானம் வரை காரசாரமாகப் பேசினார்கள். அவற்றில் ஒன்றான வைகறை நிறுவனத்தின் முதலாளி தனக்குத் தெரிந்தவர், தங்கமான மனிதர் என்றார் ஓர் உறுப்பினர். விற்றபிறகு திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அனுபவத்தில் சொல்கிறேன் என்றார் இன்னொருவர். குடியிருப்பின் தலைவர் குலோத்துங்கன் வைகறை பக்கம் சாயப் பார்த்தபோது வேதநாயகம் அவசரமாகக் குறுக்கிட்டு அதன் குறைகளை வாசித்தார். கடைசியில் எப்படியோ துலாதான் தேர்வானது.

"இல்லாத முதலாளியை அவருக்கு எப்படி சார் தெரியும்?" என்று துலா தனியாகக் கேட்டது.

"அதெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கக் கூடாது," என்றார் வேதநாயகம்.

துலா சொன்னபடி செய்தது. அடுத்த கப்பலிலேயே சல்லடைகள் வந்தன. இன்னும் ஒரே ஓர் உயிருக்குக் காற்று மிஞ்சியது. தலைவருக்கு ஒரே சந்தோஷம். வீடு ஒதுக்குவது, வேலைக்கு எடுப்பது, பிள்ளைப்பேற்று அனுமதி என்று எல்லாத் தேர்வுகளும் இனிமேல் துலா வழியாகத்தான் என்று உத்தரவு போட்டார். ஒப்பீட்டு அறிக்கைகளில் கைரேகை வைக்கும் பொறுப்பு வேதநாயகத்துக்கு வந்தது.

"மனுஷன் கை படாது ஜெபா. அதுக்கு மாமன் மச்சான் கிடையாது," என்றார் அவர் வீட்டில். ஜெபராணி அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேச்செடுத்தாள்.

தினமும் காலையில் அவர் மேசைத் திரையில் அறிக்கைகள் வரிசையாக வரும். தேநீரைக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றிலும் கட்டைவிரலை ஒற்றுவார். அன்றைக்கும் அப்படித்தான் ஒற்றிக்கொண்டு போனார்.

"ரொம்ப நன்றி சார்," என்றது துலா. "இந்த ஒண்ணுல மட்டும் நீங்க கைரேகை வைப்பீங்களான்னு எனக்குச் சந்தேகமா இருந்துச்சு."

"எதுல?"

"பிள்ளைப்பேற்று அனுமதி சார். தலைவரோட அண்ணன் மகளுக்குப் போகுது. நேத்தே பேரைச் சொல்லிட்டாரு."

வேதநாயகம் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். அறிக்கையைத் திறந்தார். மூன்று தம்பதிகளை ஒப்பிட்டிருந்தது. இரண்டாவது அவரும் ஜெபராணியும். அவர்கள் பெயருக்கு எதிரே, 'மனைவிக்கு வயது கூடுதல். கணவர் கவனக்குறைவானவர், கோப்புகளைப் படிப்பதில்லை' என்று இருந்தது.

"என்ன துலா இது?" என்றார்.

"கொஞ்சம் குறையா எழுதணும்னு சொல்லியிருந்தீங்க சார். உங்களைப் பத்தி இல்லாததை எழுத எனக்கு மனசு வரல. இருக்கறதைத்தான் எழுதினேன்."

"மூணாவதா இருக்கறது யாரு?"

"அப்படி யாரும் இல்ல சார். ஒப்புக்கு ரெண்டு வேணுமே. ஒண்ணை நானே எழுதிட்டேன். இன்னொண்ணுக்கு உங்க மனு கைவசம் இருந்துச்சு."

"இதை நான் சும்மா விடப் போறதில்ல. குழுகிட்ட போறேன்."

"தாராளமாப் போகலாம் சார். ஆனா மூணு மனுவையும் முழுசாப் படிச்சு, நேர்மையா ஒப்பிட்டேன்னு அடியில உறுதிமொழி இருக்கு. அதுலதான் உங்க கைரேகை விழுந்திருக்கு."

வேதநாயகம் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஜெபராணிதான்.

"என்னங்க, இன்னைக்கு முடிவு தெரியும்னு சொன்னாங்களே, வந்துச்சா?"

அவர் திரையில் அறிக்கையை மூடினார்.

"வந்துச்சு ஜெபா," என்றார். "நான்தான் படிக்காமக் கைரேகை வச்சுட்டேன்."