முகம் தெரிகிற பெட்டி

செவ்வூரில் வேலைக்குப் போகிறவனை வாசற்கதவு எடைபோட்டுத்தான் வெளியே விடும். உடுப்போடும் முதுகுப்பையோடும் தட்டின்மேல் ஏறி நிற்கவேண்டும். உடுப்பின் கொக்கி தாங்குவதற்கு ஓர் அளவு உண்டு. பையில் இருக்கும் சாமான் போக மிச்ச எடைக்குத்தான் கதவு காற்றை நிரப்பும். சாமான் கூடினால் மூச்சு குறையும், அவ்வளவுதான். ஆசைப்பட்டு நாலு வடையைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போனவன், திரும்பி வரும்போது வாசலில் மீன்போல வாயைப் பிளந்து விழுந்த கதையெல்லாம் அங்கே உண்டு. செவ்வாய்க்குக் குடியேறி மூன்று தலைமுறை ஆகிவிட்டது. இதையெல்லாம் யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை.

இசக்கியப்பன் குழாய் பார்க்கிறவன். ஊரை மூடி நிற்கும் கூடாரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயோடு தினமும் நடந்து, கசிவு இருக்கிறதா என்று பார்த்து மடிமூளையில் ஏற்றவேண்டும். மடிமூளை என்றால் ஏதோ பெரிதாக நினைக்கவேண்டாம். மடியில் வைத்துப் பார்க்கிற கணினிதான். பழைய சாமானுக்குப் புதுப் பேர். ஆளுக்கு ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். இந்தப் பெட்டிகள் கக்குகிற சூட்டைக் கூடாரத்தால் வெளியே தள்ளமுடியவில்லை என்று நிர்வாகம் காரணம் சொன்னது. நிர்வாகத்துக்காரர்கள் வீட்டில் எத்தனை இருக்கிறது என்று எவனும் போய் எண்ணவில்லை.

அவன் மனைவி செண்பகத்துக்குத் தென்முனைப் பனிச்சுரங்கத்தில் வேலை. வருஷத்துக்கு ஒரு வண்டிதான் போய்வரும். படமாக முகத்தை அனுப்ப அலைவரிசை போதாது. அதனால் இருவரும் ‘பூமித் தெரு’ என்ற ஆட்டத்துக்குள் போய்ச் சந்திப்பார்கள். பழைய பூமியின் ஒரு தெருவை அப்படியே எடுத்து வைத்த ஆட்டம் அது. அங்கே மழை பெய்யும். ஓர் ஓட்டலில் எதிரெதிரே உட்காரலாம். ஒருவர் முகத்தின் சாயலும், அது கோணுவதும் சிரிப்பதும் வெறும் குறிப்பாக வந்து சேரும்; முகத்தை அந்தந்தப் பெட்டிதான் வரைந்துகொள்ள வேண்டும். செண்பகத்தின் பெட்டி சுரங்கத்து மேசையை விட்டு நகராத கனத்த பெட்டி. அதில் இவன் முகம் மீசைமயிர் வரை தெரிந்தது. இவனுடையதோ வேலைக்குச் சுமப்பதற்காக வாங்கிய இளைத்த பெட்டி. அதில் அவளுக்கு முகம் இருக்கவேண்டிய இடத்தில் பிசைந்த மாவுருண்டை இருந்தது. ஓட்டலில் மற்ற மேசைகளில் இருந்த பூமிக்காரர்களுக்கும் மாவுருண்டைத் தலைதான். எல்லாத் தலையும் குனிந்தே இருக்கும். சாப்பிடுமுன் கும்பிடுகிறார்கள், பக்தியான சனம் என்று இசக்கியப்பன் நினைத்துக்கொண்டான்.

ஒருநாள் அந்த ஓட்டலில் அவளிடம் அவன் பாட்டுக்கு லூர்துவைக் கேலி செய்து பேசிக்கொண்டிருந்தான். லூர்து அவனோடு குழாய் பார்க்கிறவன்.

“நீங்க கேலி பேசுதிய,” என்றாள் செண்பகம். “நான் இவ்வளவு நேரமா அழுதுக்கிட்டு இருக்கேன்.”

அவன் மறுநாளே கடைக்குப் போனான்.

கடையில் விற்பனைப் பொறி ஒன்று நின்றது. மனிதன் மாதிரியே செய்திருந்தார்கள், இளிப்பு உட்பட. அது மெலிந்த பெட்டி ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக் காட்டியது.

“ஐயா, இறகு போன்ற எடை. அலுவலுக்கும் உகந்தது. ஆட்டமும் ஓடும்.”

விற்கிறவன் ‘ஓடும்’ என்றால் நகரும் என்று அர்த்தம். ‘பறக்கும்’ என்றால்தான் ஓடும். இது இசக்கியப்பனுக்குத் தெரியும். பூமித் தெருவைப் போடச் சொன்னான். செண்பகம் முன்பு வந்துபோன ஒரு நாளை எடுத்து ஓட்டினான். மூக்கு தெரிந்தது. கண் தெரிந்தது.

“சரி, வயரைப் பிடுங்கு.”

“மின்னிணைப்போடு விளையாடுவதே சிறந்தது, ஐயா.”

“பிடுங்குங்கேன்லா!”

பிடுங்கியது. முகம் மறுபடி மாவாயிற்று. இசக்கியப்பன் இடுப்பில் செருகியிருந்த கொக்கித் தராசை எடுத்து, பெட்டியோடு வயரையும், வயரின் நடுவே செங்கல்போல் தொங்கிய மின்கட்டியையும் சேர்த்து மாட்டினான். முள் இறங்கி நின்றது.

“இதுவாவே இறகு?”

“மின்கட்டியின் எடை தனி, ஐயா. எல்லோரும் தனியாகத்தான் குறிப்பிடுவார்கள்.”

“அப்போ அத நீ சுமந்துக்கிட்டு எம் பின்னால வாரியா?”

பொறி இளித்தபடியே அடுத்த பெட்டியை எடுத்து நீட்டியது.

இப்படியே கடையில் இருந்த அத்தனையையும் தூக்கினான், நிறுத்தான், வயரைப் பிடுங்கினான். இளைத்ததெல்லாம் முகத்தைத் தின்றது. முகத்தைக் காட்டியதெல்லாம் கனத்தது. வேலைக்கும் ஆட்டத்துக்கும் ஒரே பெட்டி என்று எழுதியிருந்தது இரண்டுக்கும் அரைகுறை. கடைசியில் ஓரத்தில் கிடந்த கரும்பெட்டி ஒன்றுதான் வயர் இல்லாமலும் செண்பகத்தின் மூக்கோரத்து மச்சத்தைக் காட்டியது. விசிறி மாவு மில்லாக இரைந்தது. அதோடு அசுரப் பசி வேறு. பாதி வழியில் குழாய்க் கம்பத்தில் மாட்டித் தீனி போட்டால்தான் வேலை முடியும்வரை தாங்கும். ஆக, மின்கட்டியையும் தினமும் சுமக்கவேண்டும்.

“இதைத் தாங்கள் வெளியே கொண்டுசெல்வது அறிவுடைமை அல்ல,” என்றது பொறி. அது அன்று சொன்ன ஒரே உண்மை.

“கட்டு,” என்றான்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பியபோது கதவு அவனை எடைபோட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியது. சோற்றுத் தூக்கை எடுத்துவிட்டான். சிவப்பு. மாற்றுத் திருகியை எடுத்தான், தராசையே எடுத்தான். பிறகு பச்சை எரிந்தது. சுற்று முடிய மட்டும் காற்று; வழியில் நிற்கவோ வாயைத் திறக்கவோ மிச்சமில்லை.

“ஏன் அண்ணாச்சி, பேசுததுக்குக்கூட காத்து இல்லியா?” என்று லூர்து செவிப்பொறியில் கேட்டான். இத்தனை வருஷமாகக் குழாய் நெடுக ஊர்வம்பு பேசிக்கொண்டே நடந்தவர்கள். இசக்கியப்பன் கையால் ‘இல்லை’ என்று காட்டினான். வயிறு காய்ந்தது, தோளில் தடம் விழுந்தது. லூர்து கொஞ்சநாள் தனியாகப் பேசிப் பார்த்தான். பிறகு அவனும் விட்டுவிட்டான். இசக்கியப்பன் அசரவில்லை. அந்த முகத்தைப் பார்த்தே தீர்வது என்று இருந்தான்.

ஓய்வுநாள் வந்தது. மதியம் பெட்டியைத் திறந்தான். மழை, ஓட்டல், எதிரே செண்பகம். காதோரம் நரைத்திருந்தது. பனிக்காற்றில் உதடு வெடித்திருந்தது.

“தெரியுதா?” என்றாள்.

“தெரியுதுட்டி. எளச்சுட்டியே.”

“நீங்களுந்தான்.”

இருவரும் சிரித்தார்கள். டீ வந்தது. சாப்பாட்டைக் கேட்டாள், சொன்னான். குளிரைக் கேட்டான், சொன்னாள். அப்புறம் என்ன பேசுவதென்று இருவருக்கும் ஓடவில்லை. மழையைப் பார்த்தார்கள்.

மேசைமேல் உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடித் துண்டு கிடந்தது. பழைய பெட்டியில் இது தெரிந்ததே இல்லை. இசக்கியப்பன் எடுத்துப் பார்த்தான். தொட்டதும் அதில் விளக்கு எரிந்தது.

“ஏட்டி, இங்க பாரு! பூமிக்காரன் வேலைக்கும் இதத்தான் வச்சிருந்திருக்கான், ஆட்டத்துக்கும் இதத்தான் வச்சிருந்திருக்கான். எடையே இல்ல!”

உள்ளே வண்ண மணிகள் வரிசையாக உருண்டன. ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் ‘டப்’ என்று வெடித்தன. அவன் சேர்த்தான். வெடித்தது. இன்னொன்றைச் சேர்த்தான்.

“ஏங்க.”

“ம்.”

“செவ்வூருக்கே மாத்தல் தரோம்னு சொல்லுதாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும். வந்துரட்டுமா?”

“ம்?” என்றான். “இரு, இந்த வரிசை மட்டும் முடியட்டும்.”

அவள் காத்திருந்தாள்.

கரும்பெட்டியைக் குறை சொல்லக்கூடாது. வாங்கின வேலையை அது ஒழுங்காகச் செய்தது. விசிறி இரைய, மடி சுட, செண்பகத்தின் கண்ணோரம் நீர் கட்டியதை வரைந்தது. அது இமைமயிரில் தங்கி நின்றதை வரைந்தது. ஓட்டல் விளக்கு அதற்குள் ஒரு பொட்டாக மின்னியதைக்கூட விடவில்லை.

சுற்றிலும் மேசைக்கு மேசை பூமிக்காரர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். இப்போது எல்லாருக்கும் முகம் இருந்தது, கையில் கண்ணாடித் துண்டும் இருந்தது. அந்தப் பக்தியான சனத்தோடு சேர்ந்து இசக்கியப்பனும் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.