வூடு என்று சேமித்த இடம்

மாலை ஐந்தே முக்காலுக்குப் பால்வண்டி போன பிறகு, அமரர் ஊர்தி சென்னப்பன் கொட்டாய்க்குள் நுழைந்தது.

இண்டூரைத் தாண்டினால் திரும்பிய பக்கமெல்லாம் கொட்டாய்கள், நாலைந்து வீடுகள் மட்டும் சேர்ந்த சிற்றூர்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பெயரில். பல கொட்டாய்கள் வரைபடத்தில் கிடையாது. தருமபுரியிலிருந்து வந்த ஓட்டுநருக்கு வழி தெரியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதவராஜுக்கு அழுது அழுது குரல் போயிருந்தது. அவன் இறந்துபோன தங்கை கணவனின் போனை எடுத்து வண்டியின் முன்பக்கம் வைத்தான். பூவரசன் தன் வீட்டை அதில் சேமித்து வைத்திருந்தான்.

பெயர், வூடு.

மாதவராஜ் அதைத் தொட்டான். பெண் குரல் ஒன்று வழி சொல்லத் தொடங்கியது. பிணவறை வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஒரு திருப்பத்தையும் அது விடவில்லை. பின்னால் பூவரசன் படுத்திருந்தான்.

விபத்தில் போன உடலை வீட்டுக்குள் கொண்டுபோகிற வழக்கமில்லை. களத்தில் வைத்தார்கள். குளிப்பாட்டக்கூடிய நிலையில் இல்லை. தண்ணீர் தெளித்தார்கள். தக்காளி லோடோடு அவன் ஓட்டிவந்த வண்டி கவிழ்ந்திருந்தது. துணிக்குள்ளிருந்து அந்தப் புளித்த வாடை வந்துகொண்டே இருந்தது.

முச்சந்தியில் பாடையை இறக்கினார்கள். பெண்கள் அதுவரைதான் போகலாம். பூவரசனின் மனைவி காவியா நின்றுவிட்டாள். தலை இருந்த பக்கம் கால் வரும்படி பாடையைத் திருப்பினார்கள். போகிறவனுக்குத் திரும்பி வரும் வழி தெரியக் கூடாது. அதற்காகத்தான் அது. மேளம் நின்றிருந்தது.

மாதவராஜின் சட்டைப்பையிலிருந்து குரல் வந்தது.

"யூ டர்ன் எடுக்கவும்."

பாடை தூக்கியவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"அந்தச் சனியன அமுத்துடா," என்றார் மாது. ஊரில் இதையெல்லாம் முன்னின்று செய்கிறவர் அவர்.

மாதவராஜ் பையைத் துழாவினான். போன் துணியில் சிக்கிக்கொண்டது.

"யூ டர்ன் எடுக்கவும். பிறகு நேராகச் செல்லவும். சேருமிடம் இடதுபுறத்தில் உள்ளது."

மாது பாடையைப் பார்த்தார். மறுபடி திருப்பச் சொல்லலாமா என்று யோசிப்பவர்போல இருந்தார். இருட்டிக்கொண்டு வந்தது. தூக்கச் சொன்னார்.

பால் தெளித்து முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். காவியாவுக்கு அண்ணன் மாதவராஜ் மட்டும் துணைக்கு இருந்தான். தருமபுரியில் டாக்சி ஓட்டுகிறவன். காவியாவின் மகள் யுவராணிக்கு நான்கு வயது. அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"அப்பா எங்கம்மா?"

"லோடுக்குப் போயிருக்காரு கண்ணு."

"என்னைய வுட்டுட்டா?"

"அடுத்த தடவ உன்னயும் கூட்டிட்டுப் போவாரு."

அதைச் சொன்ன பிறகுதான் குழந்தை சாப்பிட்டது. அதனால் காவியா அதையே தினமும் சொன்னாள்.

ஒரு மத்தியானம். வெயில் வெள்ளையாக இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. காவியா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது பீரோவுக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"இடதுபுறம் திரும்பவும்."

பூவரசனின் போன் அதற்குள்தான் இருந்தது. அதில் சார்ஜ் போட்டு நாளாகியிருந்தது.

பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு நடுவில் வெளிச்சம். திரையில் வரைபடம். தருமபுரியிலிருந்து நீலக் கோடு ஒன்று இறங்கி, வூடு என்ற இடத்தில் முடிந்தது.

போன் அவள் கையில் இருந்தது.

போன் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி பிணவறை வாசலில் இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நகர்ந்தது.

மாதவராஜைக் கூப்பிட்டாள். அவன் பல்லில் குச்சியோடு வந்தான்.

"ஜிபிஎஸ் சில நேரம் மெண்டலாயிடும் புள்ள. ஒருவாட்டி என்னைய ஏரிக்குள்ள எறங்கச் சொல்லுச்சு. பின்னாடி கல்யாணக் கோஷ்டி வேற."

பயணத்தை முடித்தான். கோடு மறைந்தது. மறுபடி வந்தது. போனை அணைத்தான். கறுத்த திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நேராகச் செல்லவும்."

குச்சியைத் துப்பினான். புள்ளியை உற்றுப் பார்த்தான். பைபாஸுக்கு முன்னால் அது நின்றது. ஒரு லாரி கடக்கும் நேரம் இருக்கும். பிறகு சட்டென்று குறுக்கே போனது.

"மாப்ள இங்க இப்படித்தான் ஒடிப்பாரு," என்றான். "எத்தனவாட்டி திட்டியிருக்கறேன்."

அதற்குப் பிறகு அவன் தமாஷ் பேசவில்லை.

உள்ளே யுவராணி கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "அப்பா வராரு."

காவியா கதவைச் சாத்தினாள். "அண்ணா, அவரு எதுக்கு வராரு?"

மாதவராஜ் குழந்தை படுத்திருந்த பக்கம் பார்த்தான். அவள் குழந்தையிடம் தினமும் சொன்னதை அவனும் கேட்டிருந்தான்.

"நிப்பாட்டு," என்றாள். "எப்படியாவது நிப்பாட்டுண்ணா."

நிறுத்த முடியாது. சுற்றவிடலாம். அது அவன் தொழில். நெடுஞ்சாலையைத் தவிர் என்று போட்டான். கோடு நெளிந்து கிராமத்துச் சாலைகளுக்குள் போனது. புள்ளி தயங்கி அதன்படியே திரும்பியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்பேச்சு கேக்கறாரு," என்றான் மாதவராஜ் மெதுவாக.

வழியில் ஒரு நிறுத்தம் சேர்த்தான். பூவரசன் சேமித்து வைத்திருந்த இடங்களில் முதலில் வந்தது கடத்தூர். வீட்டுக்கு நேர் எதிர்த் திசை. புள்ளி திரும்பிக் கடத்தூரை நோக்கிப் போனது. காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. குழந்தை கஞ்சி குடித்தது. காவியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

புள்ளி கடத்தூரில் கொஞ்ச நேரம் நின்றது.

அது கிளம்பியதும் அந்தப் போன் அடித்தது. கடத்தூர் வியாகுலம் என்று பெயர் வந்தது. காவியா எடுத்துப் பேசினாள்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா? செருப்புக்கட வியாகுலம் பேசறேங்க. அண்ணன் இப்பதான் பாப்பாவுக்குச் செருப்பு வாங்கிட்டுப் போறாரு. அளவு பத்தலன்னா மாத்திக்கலாம்னு சொல்ல மறந்துட்டேன்."

காவியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணன் வயல்ல இருந்து நேரா வந்தாரா? ஒடம்பெல்லாம் மண்ணு. பேசவே இல்லைங்க. இவ்ளோதான்னு கையில அளவு காட்டுனாரு."

மாதவராஜ் போனை வாங்கித் துண்டித்தான்.

"அந்தாளுக்கு சேதி போயிருக்காது," என்றான். "நம்மகிட்ட வெளையாடலை."

"அது எனக்குத் தெரியாதாண்ணா?"

அடுத்த நிறுத்தம் மாரண்டஹள்ளி. இன்னும் தூரம். புள்ளி மறுக்காமல் போனது. வெயில் சாய்ந்தது. வீட்டுக்குள் புளித்த தக்காளி வாடை லேசாக வந்தது. காவியா சமையலறையில் தேடினாள். தக்காளி இல்லை.

மாரண்டஹள்ளி காய்கறி மண்டியிலிருந்து ராஜமேரி அழைத்தாள். பூவரசன் எப்போதாவது லோடு ஏற்றும் மண்டி அது.

"எங்கம்மா கெளம்பறீங்க குடும்பத்தோட? பூவரசு பாப்பாவுக்குக் கம்பளி கேட்டுனு வந்தாப்ல. எதுக்குப்பா இந்த வெயில்லன்னேன். தூரமாம். குளிருமாம்."

"அக்கா, வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒண்ணும் சொல்லல. கொரலு ஒரு மாதிரி இருந்துச்சு. சளியா?"

காவியா போனைக் கீழே வைத்தாள்.

சுற்றவிட்ட ஒவ்வொரு ஊரிலும் அவன் குழந்தையின் பயணத்துக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டிருந்தான்.

"போதும்ணா. இனி எங்கயும் நிக்க வேணாம்."

மாதவராஜ் நிறுத்தம் சேர்ப்பதை விட்டான். கோடு நேரானது. மாரண்டஹள்ளியிலிருந்து வூடு வரை ஒரே கோடு. புள்ளி வேகமெடுத்தது. குழந்தையின் உடல் மறுபடி கொதித்தது. உதடு வறண்டு வெடித்தது. காற்றில் ஈரமண் வாடை சேர்ந்துகொண்டது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்," என்றான் மாதவராஜ்.

காவியா திரையைக் காட்டினாள். இண்டூருக்குப் போக இருப்பது ஒரே சாலை. புள்ளி அந்தச் சாலையில்தான் வந்துகொண்டிருந்தது.

யுவராணி எழுந்து உட்கார முயன்றாள். "சட்ட மாத்தி வுடும்மா. அப்பா ஆரன் அடிக்கறாரு."

ஒரு சத்தமும் இல்லை.

மாதவராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வூடு என்ற பெயரின்மேல் விரலை அழுத்தினான். திருத்து என்று வந்தது.

"மாப்ளக்கி வூடுதான போவணும்? வூட்டயே மாத்திடறேன்."

வரைபடத்தைத் தள்ளினான். கொட்டாய், களம், முச்சந்தி எல்லாம் நகர்ந்து போயின. ஏரிக்கரைக்குக் கீழே பெயரில்லாத ஒரு பொட்டல். சுடுகாடு. பூவரசனைப் புதைத்த மூலையில் விரலை வைத்து எடுத்தான்.

"இனிமே இதான் வூடு," என்றான்.

கோடு அறுந்து மறுபடி ஒட்டியது. புதிய முனை சுடுகாட்டில் இருந்தது.

"நான் போயி, மறுபடி எந்திரிச்சு வராம குழிமேல முள்ளு வெட்டிப் போட்டுடறேன். வெளிச்சம் இருக்குது. நீ கதவத் தெறக்காத."

வண்டிச் சத்தம் தேய்ந்து போனது. காவியா தாழ்ப்பாள் போட்டாள். குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டாள். ஒரு கையில் போன்.

புள்ளி இண்டூரைக் கடந்தது.

கொட்டாய் திரும்பும் இடத்துக்கு வந்தது.

நின்றது.

வெளியே நாய் குரைக்கவில்லை. கோழிகள்கூடச் சத்தம் போடவில்லை. மண் வாடையில் மூச்சு முட்டியது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையாமல் இருந்தது.

"பாதை மாற்றப்பட்டது," என்றது குரல். "வலதுபுறம் திரும்பவும்."

புள்ளி திரும்பியது. முச்சந்தியைத் தொட்டது. ஏரிக்கரைக்குக் கீழே இறங்கியது.

"சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்."

கோடு மறைந்தது. திரை தானாகவே கறுத்தது.

வாடை போய்விட்டிருந்தது. எங்கோ ஒரு மாடு கத்தியது. காவியா குழந்தையின் நெற்றியில் கை வைத்தாள். காய்ச்சல் இல்லை. முகம் தெளிந்திருந்தது. வெடித்த உதட்டில் சின்னதாகச் சிரிப்புபோல ஒன்று. தூங்கட்டும் என்று புடவைத் தலைப்பால் போர்த்திவிட்டாள். அவன் இறந்த நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. சத்தமில்லாமல் அழுதாள்.

அவளுடைய போன் அடித்தது. மாதவராஜ்.

"அண்ணா, நின்னுடுச்சுண்ணா. காய்ச்சல் எறங்கிடுச்சு. ஒடம்பு சில்லுன்னு இருக்குது. நீ கெளம்பி வா."

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. பிறகு அவன் மூச்சு. யாருக்கோ கேட்கக் கூடாது என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டு பேசினான்.

"காவியா, பாப்பாவ எதுக்குத் தனியா இங்க அனுப்புன?"