கடைசி நாலு நிமிஷம்

“எழுந்திருங்க மிஸ்டர்... அது எங்க அப்பாவோட சீட்.”

சொல்லிவிட்டுத்தான் ஹலினா அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் கண்ணை எடுக்க முடியவில்லை. கறுகறுவென்று இரண்டு கண்கள்... இமை நுனியில் மழைத்துளி வேறு! ஆனால் அந்தக் கண்களுக்குக் கீழே இருந்த வாய் சும்மா இருக்க வேண்டாமா?

“உங்க அப்பா வித்துட்டாரு, நான் வாங்கிட்டேன்,” என்று கைபேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். “நூத்திப் பதினேழாம் பகுதி, இருபத்திரெண்டாவது வரிசை, எட்டாம் நம்பர். சந்தேகம்னா எண்ணிப் பாருங்க.”

எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது? ஏழு வயதிலிருந்து அவள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்து நாற்காலி அது. அமெரிக்கக் கால்பந்து அணியான டொலீடோ நாரைகள் ஜெயித்தாலும் தோற்றாலும், ஏரிக்காற்றில் காது மரத்துப் போனாலும், அப்பா ஸ்டான் டுடெக் அங்கேதான் இருப்பார். இந்த வருஷம்தான் வரமாட்டேன் என்று முரண்டு பிடித்துவிட்டார். பதினாலு வருஷம் அணியைத் தூக்கி நிறுத்திய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன், ஹாலரன் ஓய்வு பெற்றுவிட்டான். அவன் இடத்தில் டாரியன் வெப் என்று இருபத்திரண்டு வயதுப் பையன். இதுவரை ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. ‘பந்தை எறியத் தெரியாதவனைப் பார்க்க நான் மழையில நனையணுமா?’ என்று அப்பா சமையலறையில் வானொலியோடு உட்கார்ந்துவிட்டார். அதற்காக நாற்காலியையே விற்பார் என்று ஹலினா கனவிலும் நினைக்கவில்லை.

மழை விட்டிருந்ததால், முணுமுணுத்துக்கொண்டே மழைக்கோட்டைக் கழற்றி மடித்தாள். பக்கத்திலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு...

“என்ன சிரிப்பு?”

“ஒண்ணுமில்ல... சட்டைக்கு எங்கேயாவது அடிபட்டுடுச்சா? முதுகுல பிளாஸ்திரி போட்டிருக்கீங்களே!”

அவளுடைய பழைய ஹாலரன் சட்டைதான் அது. பெயரின் மேல் வெள்ளை டேப்பை ஒட்டி, கறுப்பு மையால் ‘வெப்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். ஆள் மாறினால் ரசிகர்கள் செய்கிற வேலைதான். ஆனால் ஹாலரன் பெயரை மறைக்க இந்த ஊரில் யாருக்கும் இன்னும் துணிச்சல் வரவில்லை. பக்கத்தில் இருந்தவனும் பளபளவென்று ஹாலரன் சட்டையில்தான் இருந்தான்.

“ஹாலரன் பேருமேல டேப் ஒட்ட எப்படிங்க மனசு வந்துச்சு?”

“அவர் வீட்டுல உட்கார்ந்து மீன் பிடிக்கிறாரு. இன்னிக்கு மைதானத்துல நிக்கிறவன் வெப். நிக்கிறவன் பேருதான் என் முதுகுல இருக்கும்.”

“நிக்கிறானா? எப்பப் பார்த்தாலும் படுத்துல்ல கிடக்கிறான்!”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, எதிரணியின் இரண்டு தடியர்கள் வெப்பை அலாக்காகத் தூக்கிச் சேற்றில் சாத்தினார்கள். அவ்வளவுதான்... வரிசைக்கு வரிசை பட்டிமன்றம்!

“அவனைப் பெஞ்சுல உட்கார வைங்கப்பா!” என்று பின்னாலிருந்த அம்மாள் கத்தினாள்.

“வேற யாரை இறக்குறது? இன்னொருத்தன் இதைவிட மோசம்டி,” என்றார் அவள் புருஷன்.

“ஹாலரனும் முதல் வருஷம் இப்படித்தானே சொதப்பினான்? அதுக்குள்ள மறந்துட்டீங்களா?” என்று முன் வரிசைக் குல்லாய்க்காரர் திரும்பினார்.

“அடப் போய்யா... ஹாலரன் விழுந்தாக்கூட அழகா விழுவான்!”

“எனக்கு ஒண்ணு தோணுது,” என்று கறுப்புக் கண்ணன் மெல்லச் சொன்னான். “நான் மூக்குக்கண்ணாடி செய்யறவன். பேரு நஜீப் ஹத்தாத். அந்தப் பையனுக்கு ஒரு ஜோடி இலவசமாவே குடுத்துடலாம்னு இருக்கேன். நம்ம ஆளு எவன், எதிரி எவன்னாவது தெரியட்டும்.”

சிரிக்கக்கூடாது, சிரிக்கவே கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சிரிப்பு மூக்கு வழியாக வந்து மானத்தை வாங்கிவிட்டது.

இடைவேளையில் அவன் ஒரு டப்பாவைத் திறந்தான். கறியும் கோதுமையும் சேர்த்துப் பொரித்த கிப்பே, இன்னும் சூடாக... “எங்கம்மா செஞ்சது. எதிர்க்கட்சிக்கும் குடுக்கலாம், தப்பில்ல,” என்றான். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. இரண்டு எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கும் நாரைகள் தோற்றன. வீட்டுக்குப் போகும் வழியில் தோல்வி அவள் நினைவுக்கே வரவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு வந்தால், அதே நாற்காலி... அதே ஆள்!

“மறுபடியுமா?”

“உங்க அப்பா மறுபடியும் வித்தாரு. நான் மறுபடியும் வாங்கினேன். ஊர்ல வேற நல்ல சீட்டே இல்லைங்க... நம்புங்க,” என்றான், எல்லாப் பக்கமும் காலி நாற்காலிகளாகக் கிடந்த மைதானத்தில்.

நம்பவில்லை. நம்பாததில் ஒரு சந்தோஷம் இருந்தது.

மூன்றாவது முறை ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. அன்றைக்குத்தான் ஹலினா தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். பள்ளிப் பேருந்து டிப்போவில் எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று திட்டம் போட்டு அனுப்புகிற நாற்காலி அவளுடையது. வில்மா என்பவள் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்த நாற்காலி. ஹலினா உட்கார்ந்த இரண்டாவது வாரமே ஒரு வண்டியைத் தப்பான திசைக்கு அனுப்பிவிட, பதினெட்டுக் குழந்தைகள் வாசலில் முக்கால் மணி நேரம் குளிரில் நின்றார்கள்... அன்று முதல் எதற்கெடுத்தாலும் ‘வில்மா இருந்திருந்தா’ என்பதுதான் டிப்போவில் பேச்சு.

“வெப் பேரைச் சொல்லி ஊரே கத்துறப்ப எனக்குப் பொறுக்கல நஜீப். என்னைப் பார்த்துக் கத்துற மாதிரியே இருக்கு.”

அவன் தன் கையுறையைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அவளுடையது நனைந்திருந்தது. அந்தச் சூட்டில் உள்ளங்கை மட்டுமா குளிர் விட்டது?

நாலாவது ஆட்டத்தின்போதுதான் வந்தது வினை.

ஆட்டம் ஞாயிறன்று; அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஓட்டுநர்கள் பாதிப் பேர் சேர்ந்து, வில்மாவையே திரும்பக் கூப்பிடுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமை முடிவு சொல்வதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். அவர்கள் துரத்துவதற்கு முன்னால் நாமே போய்விடலாம் என்று ஹலினா ராஜினாமா எழுதிப் பைக்குள் வைத்திருந்தாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. மழையும் பனியும் கலந்து முகத்தில் ஊசியாய்க் குத்திக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிய நாலு நிமிஷம்... இருபத்துமூன்றுக்குப் பத்து என்று நாரைகள் பின்தங்கியிருந்த நேரத்தில், வெப் எறிந்த பந்து நேரே எதிரணிக்காரன் மார்பில் போய் உட்கார்ந்தது.

“போதும்பா சாமி!” என்று நஜீப் எழுந்தான். “பத்து ஆட்டம் குடுத்தாச்சு. சில பேருக்கு அந்த இடம் பொருந்தாது ஹலினா. அதைத் தெரிஞ்சுக்கிட்டு அவங்களே ஒதுங்கிக்கணும்.”

ஹலினாவுக்குச் சுருக்கென்றது.

“அப்படின்னா... ஒதுங்கிக்கணும்ங்கிறே?”

“பின்னே? எத்தனை நாளைக்குத்தான் மத்தவங்க பொறுத்துக்கிறது? வா, இப்பவே கிளம்பினா கூட்டத்துக்கு முன்னாடி வண்டியை எடுத்துடலாம்.”

“நீ போ.”

“ஏய்... உறைஞ்சு போயிடுவே.”

“போன்னு சொன்னேன்ல! எங்கப்பா மாதிரியே நீயும் போ. தோக்குறவங்க பக்கத்துல உட்கார உங்களுக்கெல்லாம் எப்பவுமே முதுகு வலிக்கும்!”

அவன் முகம் சுண்டிப்போயிற்று. அவனுக்கும் ரோஷம் இருக்காதா? விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டான். சொல்லாததைப் புரிந்துகொள் என்று எதிர்பார்ப்பது அநியாயம்தான்... ஆனால் அடிபட்ட மனசு நியாயமா பார்க்கும்? காலி நாற்காலியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது.

அப்புறம் நடந்ததை அந்த ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பந்து கைமாறி வந்தது. வெப் ஒரு எறி எறிந்தான்... அறுபது கஜம், எல்லைக்குள்ளேயே! உதையும் சேர்த்து ஏழு புள்ளி. இருபத்துமூன்று, பதினேழு. மறுபடி பந்து கிடைத்தபோது ஒரு நிமிஷம்கூட இல்லை. தடியர்கள் கால்களைப் பிடித்துத் தொங்க, விழுந்துகொண்டே கடைசி விநாடியில் எறிந்தான்... எல்லைக்குள் பிடித்துவிட்டார்கள், ஆறு புள்ளி! கூடுதல் புள்ளிக்கு ஒரு உதை... இருபத்துநாலு, இருபத்துமூன்று. பின்வரிசை அம்மாள் ஹலினாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். “நான் அப்பவே சொன்னேனே, தங்கமான பையன்னு!” என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஹலினாவும் கத்தினாள். கத்திவிட்டு, வழக்கம்போலப் பக்கத்தில் திரும்பினாள். எட்டாம் எண் நாற்காலியில் பனி படிந்திருந்தது.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஓர் அடி நகரவில்லை. நாலரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஆட்டம் முடிந்ததும் நேயர்கள் பேசுகிற டென்னியின் நிகழ்ச்சிதான் எல்லா வண்டி வானொலியிலும் அலறியது.

“அடுத்து யாரு? நஜீப்பா? வாராவாரம் வெப்பைத் திட்டுற அதே நஜீப்பா? வாங்க சார், வாங்க! அந்தக் கடைசி எறி எப்படி இருந்துச்சு?”

ஹலினா வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள்.

“தெரியாது டென்னி. நான் பார்க்கல. நாலு நிமிஷம் இருக்கிறப்ப எழுந்து வந்துட்டேன்.”

டென்னி தலையில் அடித்துக்கொள்கிற சத்தமே கேட்டது. சுற்றிலும் வண்டிகள் கேலியாக ஹாரன் அடித்தன.

“அடிங்க, நல்லா அடிங்க... எனக்கு வேணும்தான். வாசலைத் தாண்டினப்புறம்தான் உறைச்சுது, அவ என்கிட்ட கேட்டது வெப்பைப் பத்தி இல்லன்னு. திரும்பி ஓடினேன். வெளியே போனவனை உள்ளே விடமாட்டாங்களே! கெஞ்சினேன், விடல. வேலிக்கு வெளியே நின்னு சத்தத்தை மட்டும் கேட்டேன். அத்தனை ஆயிரம் பேர் கத்தினதுல ஒரு குரலைத் தேடிக்கிட்டு நின்னேன் டென்னி... முதுகுல பிளாஸ்திரி போட்ட பொண்ணோட குரலை.”

“அட... பொண்ணுகிட்ட என்னப்பா சொல்லணும்?”

“வண்டி நிறுத்துற இடத்துல, சி பகுதியில, பதினாலாம் விளக்குக் கம்பத்துக்கிட்ட நிக்கிறேன்னு சொல்லணும். இந்த இடம் காலியாகிற வரைக்கும் நிப்பேன்னு சொல்லணும். மத்தது நேர்ல.”

ஹலினா அசையவில்லை. போகக்கூடாது... நிற்கட்டும், நன்றாக நனையட்டும்! கண்ணில் மட்டும் எதற்கு இப்படித் தாரை தாரையாய்? கைபேசி அடித்தது. அப்பா.

“ஹலினா... இப்ப ரேடியோவுல பேசின நஜீப், என் சீட்டுல உட்கார்ற பயலா?”

“ஆமாப்பா.”

“நாலு நிமிஷம் இருக்கிறப்ப எழுந்து போனானா?”

“ஆமா.”

“நான் முதல் ஆட்டத்துக்கு முன்னாடியே எழுந்து போயிட்டேனேம்மா... என்னை என்ன செய்யப் போறே?” வானொலியை அணைக்கிற சத்தம் கேட்டது. “அடுத்த ஆட்டத்துக்கு நான் வர்றேன். அந்தப் பயலை வேற இடம் பார்த்துக்கச் சொல்லு.” அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ரொம்ப தூரமா வேணாம். உனக்கு அந்தாண்டப் பக்கமா பார்த்துக்கச் சொல்லு.”

அவள் வண்டியை அப்படியே போட்டுவிட்டு இறங்கினாள்.

பதினாலாம் கம்பத்தடியில் தொப்பலாக நனைந்து நின்றிருந்தான் நஜீப். அவளைக் கண்டதும் அந்தக் கறுப்புக் கண்கள்... பாவம், அதில் கேலி ஒரு துளி இல்லை. அவளுக்கு மனசு இளகிவிட்டது. காட்டிக்கொள்வாளா?

“வெப் நல்லா ஆடினானா?”

“நான்தான் பார்க்கலையே...”

“பார்க்காம சொல்லு.”

“நல்லா ஆடினான்.”

“காது கேக்கல.”

“நல்லா ஆடினான்!” என்று தொண்டை கிழியக் கத்தினான். நகர்ந்துகொண்டிருந்த வண்டியொன்று ஹாரன் அடித்து ஆமோதித்தது.

“என் பையில ராஜினாமா இருக்கு நஜீப். நாளைக்குக் குடுக்கலாம்னு இருந்தேன். உன்னைத் திட்டினேனே... நானே பாதியில எழுந்திருக்கத்தான் பார்த்தேன்.”

அவன் அதிர்ந்துபோனான். “குடுக்கப் போறியா?”

“மாட்டேன். காலையில அஞ்சு மணிக்குப் போய் வண்டிகளை அனுப்புவேன். புதன்கிழமை அவங்க போகச் சொன்னா, அப்பப் போறேன். ஆனா சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்குடா.”

“சொல்லட்டும், சொல்லாம போகட்டும். புதன்கிழமை சாயங்காலம் டிப்போ வாசல்ல நான் நிப்பேன்.” அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான். “ஹலினா... அந்தச் சீட்ல இருந்து நான் ஆட்டம் பார்த்ததா நினைக்கிறியா? நீ கத்துறதை, நீ நகம் கடிக்கிறதை, நீ சிரிக்காம இருக்கப் படுற பாட்டைத்தான் பார்த்தேன். உன்னைக் காதலிக்கிறேன். நீ ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி.”

பனி அவள் இமையில் விழுந்து உருகியது. எத்தனையோ கேலிப் பேச்சு வாயில் வந்து நின்றது. ஒன்றும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

“நானும்தான் நஜீப்... ரொம்ப நாளா,” என்று அவன் நனைந்த தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. எல்லாரும் போய் வெகுநேரம் கழித்துத்தான் அவர்கள் இருவரும் அங்கிருந்து நகர்ந்தார்கள்.