மொட்டை மாடிக்கு மேல் ஒரு மாடி

மொட்டை மாடியைக் காட்டும் கேமராவுக்கு மேலே இன்னொரு கேமரா கிடையாது. சிட்லபாக்கத்தில் அந்த வீட்டுக்கு மூன்றே கேமரா: கீழே ஹால், நடுவில் முதல் மாடி, உச்சியில் மொட்டை மாடி. மாட்டியவன் அந்த வீட்டுப் பிள்ளை ஜோனத்தான். மாட்டும்போது கட்டைவிரலில் சுத்தியல் பட்டு நகம் போனதும் அவனுக்குத்தான். ஆகவே லேப்டாப்பில் நாலாவதாக ஒரு படம் வந்து நின்றபோது அவனுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அவன் கம்பெனி வீட்டுக் கேமராக்களுக்கு வெப்சைட் செய்து விற்கிறது. ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு முகவரி. முழு முகவரியை எழுதச் சோம்பலாக இருந்தால் இரண்டு புள்ளி வைத்தால் போதும். இப்போது நிற்கும் இடத்திலிருந்து ஒரு மாடி மேலே போ என்று அர்த்தம். உச்சியில் நின்றுகொண்டு புள்ளி வைத்தால் அங்கேயே நிற்க வேண்டும். கம்பெனி இணையத்தில் ஓசியில் எடுத்துப் போட்ட, லைப்ரரி என்கிற ஆயத்த நிரலுக்கு இந்த நாகரிகம் தெரியவில்லை. அது ஏறிக்கொண்டே போனது. அடுத்தவர் வீட்டில் சோதித்துப் பார்த்தால் வேலை போகும் என்பதால் ஜோனத்தான் தன் வீட்டிலேயே சோதித்தான்.

நாலாவது படத்தில் பூசாத சிமென்ட் தரை, அதன் நடுவே தேங்கிய ஈரம், மூலையில் கீழே இறங்கும் ஒரு படிக்கட்டு, சுவரோரம் குந்தி உட்கார்ந்து அம்மிக்கல்லைத் தூக்கித் தூக்கி எதன்மேலோ போட்டுக்கொண்டிருந்த ஒரு முதுகு. படத்தில் சத்தம் வராது. ஆனால் தாம்பரம் பக்கம் போன எலெக்ட்ரிக் ரயிலின் ஹாரன் ஓய்ந்து, மழைக்கு முந்தைய புழுக்கத்தில் ஏரிச் சேற்று வாடையோடு கூடவே கறிக்கடை வாடையும் ஜன்னல் வழியாக வந்தபோது, தலைக்கு மேலே, வெகு மேலே, கல் விழும் சத்தம் ஜோனத்தானுக்குக் கேட்டது.

கேளம்பாக்கம் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஷ்யாம்சுந்தருக்கு போன் போட்டான்.

"மச்சான், லைப்ரரி உச்சியைத் தாண்டிப் போகுதுடா."

"போனா போகட்டும். மேல யாரு இருக்கா?"

"ஒருத்தன் இருக்கான்."

"வாடகை குடுக்கிறானா?"

ஜோனத்தான் மறுபடி படத்தைப் பார்த்தான். குந்தியிருந்த உருவம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கல்லுக்கு அடியில் கிடந்தது நாய். பின்னங்கால் இன்னும் உதறிக்கொண்டிருந்தது. திரும்பிய முகம் கேமராவைப் பார்க்கவில்லை; படிக்கட்டைப் பார்த்தது.

"விளையாடாத. அந்த ஓட்டையை அடை."

"அடைச்சிட்டா மேல இருக்கிற எல்லாம் வெட்டுப்பட்டுப் போயிடும். பரவாயில்லயா?"

"அதான் வேணும். சீக்கிரம்."

அப்போதுதான் அக்கா ஞாபகம் வந்தது. ஜோவிதா. அப்பாவும் அம்மாவும் வண்டலூரில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தார்கள். மழை வருமுன் துணி எடுக்க அக்கா மாடிக்குப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

"அக்கா!" படிக்கட்டில் நின்று கத்தினான். "துணிய விட்டுட்டு வா!"

"ஆமா, நீ வந்து எடுத்துக் கிழிச்சிடுவ." மேலிருந்து குரல். பிறகு, "டேய் ஜோனா, டேங்குக்குப் பின்னாடி படி எப்போ கட்டுனாங்க?"

"ஏறாத!"

"மேல நாய் முனகுதுடா. பாவம். அடிபட்டிருக்கு போல."

ஓடினான். முதல் மாடி. செருப்பு கழன்றது. கல் சத்தம் நின்றிருந்தது. மொட்டை மாடிக் கதவு. துணிகள் தரையில். டேங்குக்குப் பின்னால், வானத்துக்குள் நுழையும் ஈரமான படிகள்.

அதில் அக்கா. பாதி வழியில். குப்புற.

தலைமுடியை ஒரு கை பிடித்திருந்தது. அவள் முகத்தைத் தூக்கிப் படியில் அடித்தது. மறுபடி அடித்தது. பல் தெறித்து அவன் காலடியில் விழுந்தது. அவள் கத்தவில்லை, வாய் நிறைய ரத்தம். வலது கையை மட்டும் கீழே நீட்டினாள். ஜோனத்தான் பாய்ந்து பிடித்தான். இழுத்தான். அது மேலே இழுத்தது. அவன் கீழே இழுத்தான்.

சட்டைப் பையில் போன் இன்னும் அணையாமல், ஸ்பீக்கரில் இருந்தது.

"ஓட்டையை அடைக்கிற கோட் எழுதிட்டேன் மச்சான். யாராவது ஒருதரம் சரி பார்க்கணும். மேனேஜர் டீக்குப் போயிருக்கார், வரட்டும்."

கல் உயர்ந்தது.

"யாரும் பார்க்க வேணாம்! அப்படியே போடுடா! இப்பவே!"

"அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"போடுடா!"

கல் இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் விரல்கள் அவன் மணிக்கட்டை நசுக்கின. அவள் அவனையே பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள்.

படிகள் இல்லை.

மேகம். கொடிக் கயிறு. தண்ணீர் டேங்க். இழுத்த வேகத்தில் மல்லாக்க விழுந்திருந்தான். மேலே எந்தச் சத்தமும் இல்லை. முதல் மழைத்துளி நெற்றியில் பட்டது.

"ஜம்முனு நிக்குது மச்சான்," என்றான் ஷ்யாம்சுந்தர். "உச்சிக்கு மேல இப்போ ஒண்ணுமே இல்ல."

ஜோனத்தான் தன் மணிக்கட்டைப் பார்த்தான். அக்காவின் கை இருந்தது. முழங்கை வரைக்கும். கத்தி வைத்து நறுக்கியதுபோல் சமமான வெட்டு. வெட்டிலிருந்து ரத்தம் தரையில் சொட்டவில்லை. மழைக்கு எதிராக, துளித்துளியாக, மேலே போய்க்கொண்டிருந்தது. விரல்கள் பிடியை விடவில்லை. விடாமல், அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையிலிருந்து தூக்கத் தொடங்கின.